புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

வீட்டில் பாட்டியின் பெட்டியிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் கிடைத்ததா? புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். நகைக்கடைத் தராசில் வையுங்கள். 11.66 கிராமை ஒட்டி இருக்க வேண்டும், தேய்மானத்தில் சற்றுக் குறையலாம். காந்தம் இழுத்தால் வெள்ளியல்ல.

விற்பதானால், தரச்சான்று இல்லாத காசுக்குப் படமே சாட்சி. இருபுறமும் விளிம்பும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கீறலையும் காட்டுங்கள். இணைய ஏலத்தில் வாங்குவதானால், வாங்குவோர் கமிஷன், வரி, தபால் செலவு சேர்த்தே உச்சவிலையை முடிவுசெய்யுங்கள்.

"லட்சங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என ரிசர்வ் வங்கி பெயரில் அழைத்தால் நம்பாதீர்கள். பழைய காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அவ்வங்கி எச்சரித்திருக்கிறது. நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக் கூடாது.