கோடையில் புல்தரைக் களைகள்

கேள்வி: கைலாசநாதர் கோயில் புல்வெளியைப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டு முன்னால் அருகம்புல் தரை போட்டோம். சித்திரை வெயிலில் புல் காய்கிறது, களை மட்டும் செழிக்கிறதே?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். முக்கோணமாகத் தட்டுப்பட்டால் கோரை. மேலாகப் பிடுங்கினால் அடியிலுள்ள கிழங்கு மறுபடி முளைக்கும். மண்ணை நனைத்து, களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டுங்கள். கிள்ளினால் பால் வடிவது அம்மான் பச்சரிசி. மஞ்சள் பூ, முள்காயோடு படர்வது நெருஞ்சி. இரண்டும் விதையால் பரவுபவை, காய்க்குமுன் பிடுங்குங்கள்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். தினமும் தெளிப்பதைவிட, சில நாளுக்கொரு முறை வேர் நனையப் பாய்ச்சுவது நல்லது. கிளைபோசேட் மருந்து வேண்டாம். அருகையும் சேர்த்துக் கருக்கிவிடும். கோரை ஒரே தடவையில் ஒழியாது. முளைக்க முளைக்கத் தோண்டுங்கள்.