உடைந்த பேக்கேஜ் எதுவும் உங்களிடம் இல்லை

இரவு பதினொன்றரை மணி. ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுகள் வெளியாகும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போனில் அழைத்தார். "அண்ணா, ஓப்பன்எஸ்எஸ்எல் டெவ் பேக்கேஜ் ஏறவே மாட்டேங்குது. நாலு மணி நேரமா மல்லுக்கட்டுறேன்." என்ன எரர் என்று கேட்டேன். கடைசி வரியைப் படித்தார். அதன் பொருள் இது: சிக்கலைச் சரிசெய்ய முடியவில்லை, பிடித்துவைக்கப்பட்ட, உடைந்த பேக்கேஜ்கள் உங்களிடம் இருக்கின்றன.

இந்த ஒரு வரி எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. லினக்ஸ் சர்வரில் டிபென்டென்சி பிரச்சினை கடினமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி வாய்வழியாகப் பரவியிருக்கும் நம்பிக்கைகள்தான் பாதி சேதத்தைச் செய்கின்றன. டெபியன், உபுண்டு குடும்பத்தை வைத்தே பேசுகிறேன். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ரெட் ஹாட் பக்கம் போனால் கருவிகளின் பெயர் மாறும். செய்கிற தவறுகள் மாறுவதில்லை.

நம்பிக்கை: ஏதோ ஒரு பேக்கேஜ் உடைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும்

பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. நீங்கள் எதையும் பிடித்துவைத்திருக்கவும் மாட்டீர்கள். சந்தேகமிருந்தால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' கொடுத்துப் பாருங்கள். அநேகமாக ஒன்றும் வராது. நீங்கள் கேட்டதும் ஏற்கெனவே இருப்பதும் ஒன்றாக வாழக்கூடிய ஒரு சேர்க்கை தனக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் ஆப்ட் அந்த வரியில் சொல்ல வருகிறது. மோசமாக எழுதப்பட்ட வாசகம் அது. பல ஆண்டுகளாக ஆட்களைத் தவறான திசையில் அனுப்பியிருக்கிறது.

விஷயம் அதற்கு மேலுள்ள வரிகளில் இருக்கிறது. தம்பியை அங்கிருந்து படிக்கச் சொன்னேன். லிப்எஸ்எஸ்எல்-டெவ் பேக்கேஜுக்கு லிப்எஸ்எஸ்எல்3 பேக்கேஜின் குறிப்பிட்ட ஒரு வெர்ஷன் வேண்டும், ஆனால் வேறொரு வெர்ஷன் இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. டெவ் பேக்கேஜ்களின் இயல்பு இது. லைப்ரரியும் அதன் டெவ் பேக்கேஜும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சேராது.

அடுத்து 'ஆப்ட்-கேச் பாலிசி' கமாண்டோடு லைப்ரரியின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். சர்வர் வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கமாண்ட் விரல் நுனியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த வெர்ஷன்கள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த ரெப்போவிலிருந்து வருகிறது, இப்போது எது ஏறியிருக்கிறது என்று மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும். ஏறியிருக்கும் வெர்ஷனுக்கு எதிரில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அதற்குக் கீழே எந்த ரெப்போவின் முகவரியும் இல்லாமல், 100 என்ற எண்ணும் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பும் மட்டும் தெரிந்தால் கவனியுங்கள். அந்த வெர்ஷன் எந்த வழியாக உள்ளே வந்ததோ, அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது.

அந்த சர்வரில் நடந்தது அதுதான். பாதுகாப்பு அப்டேட் வழியாக லைப்ரரி புதிய வெர்ஷனுக்குப் போயிருந்தது. பிறகு யாரோ ரெப்போ முகவரியை மாற்றும்போது முதன்மை வரியை மட்டும் எழுதி, அப்டேட்ஸ் வரியையும் செக்யூரிட்டி வரியையும் விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த ரெப்போவில் 2022 ஏப்ரலில் வெளியான டெவ் பேக்கேஜ் மட்டும்தான் இருந்தது. லைப்ரரி புதிது, டெவ் பழையது. விட்டுப்போன இரண்டு வரிகளைச் சேர்த்து அப்டேட் கொடுத்ததும் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. டெவ் பேக்கேஜ் ஏறியதைவிட முக்கியம், வெளியுலகம் பார்க்கும் அந்த சர்வர் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. அந்த எரர் ஓர் எச்சரிக்கையைக் கொண்டுவந்திருந்தது. நான்கு மணி நேரம் அதை வாயடைக்கப் பார்த்தோம்.

நம்பிக்கை: ஃபோர்ஸ் கொடுத்தால் ஏறிவிடும், அத்தோடு தொல்லை முடிந்தது

ஏறும், ஆனால் தொல்லை முடியாது. டிபிகேஜிக்கு 'ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ்' கொடுத்தால், எரராக நின்றிருக்க வேண்டியதை அது வெறும் எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டு பேக்கேஜைப் போட்டுவிடுகிறது. நிறைவேறாத அந்தச் சார்பு (டிபென்டென்சி) ஸ்டேட்டஸ் கோப்பில் அப்படியே இருக்கும். அடுத்த நாள் சம்பந்தமே இல்லாத இன்னொன்றை இன்ஸ்டால் செய்யப் போனால், முதலில் இதைச் சரிசெய் என்று ஆப்ட் நிற்கும். 'ஃபிக்ஸ்-புரோக்கன்' ஆப்ஷன் கொடுத்தால், பல நேரம் நீங்கள் வலிந்து போட்ட பேக்கேஜையே அது நீக்கிவிடும். அதன் கணக்கில் அதுதான் சரியான தீர்வு.

ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியை மட்டும் இப்படி வலிந்து மாற்றவே மாற்றாதீர்கள். சர்வரில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. அது பொருந்தாமல் போனால் கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கமாண்ட்கூட ஓடாது. எஸ்எஸ்ஹெச் வழியாக மறுபடி உள்ளே வரவும் முடியாமல் போகும்.

நம்பிக்கை: கேட்கிற லைப்ரரியை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டால் போதும்

உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது. அதற்கு முந்தைய 1.1 லைப்ரரியை நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள்கள் ஏறாமல் நின்றன. அப்போது பரவிய வைத்தியங்கள் இரண்டு. ஒன்று, புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போடுவது. இது வேலை செய்யாது. பெயரில் உள்ள எண் அலங்காரத்துக்கு இல்லை; உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் அமைப்பே மாறிவிட்டது என்பதன் அறிவிப்பு அது. லைப்ரரிக்குள்ளும் வெர்ஷன் குறி பதிந்திருப்பதால் நிரல் தொடங்கும்போதே நின்றுவிடும்.

இரண்டாவது, 20.04-இன் பழைய லைப்ரரி பேக்கேஜை இறக்கிப் போடுவது. இது வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. 22.04-இன் ரெப்போவில் அந்தப் பேக்கேஜ் கிடையாது. எனவே அதற்கு எந்த அப்டேட்டும் வராது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவும் 2023 செப்டம்பர் 11 அன்று முடிந்துவிட்டது. அன்று இறக்கிப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அது இன்னும் தங்கள் சர்வரில் கிடப்பது நினைவிருக்கும்? 22.04-க்கென்று கட்டப்பட்ட வெர்ஷன் வரும்வரை காத்திருப்பது, அல்லது அந்த மென்பொருளை 20.04-இலேயே ஓடவிடுவது, இவைதான் அன்று சரியான வழிகள்.

நம்பிக்கை: வெர்ஷன் எண் பழையதாக இருந்தால் சர்வர் ஓட்டை

முரண்கள் உருவாகும் ஊற்றுக்கண் இந்த நம்பிக்கைதான் என்பது என் கணிப்பு. தணிக்கை அறிக்கையில் 'பழைய வெர்ஷன்' என்று சிவப்பில் வருகிறது. உடனே யாரோ ஒருவருடைய ரெப்போவைச் சேர்த்துப் புதியதை இழுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து டிஸ்ட்ரோ அப்கிரேட் செய்யும்போது எதுவும் எதோடும் சேர்வதில்லை.

2014 ஏப்ரலில் வந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் குழு அதை 1.0.1ஜி வெர்ஷனில் அடைத்தது. டெபியன் 7 அந்த வெர்ஷனுக்குப் போகவில்லை. தன்னிடமிருந்த 1.0.1இ வெர்ஷனிலேயே ஓட்டையை மட்டும் அடைத்து, பெயரின் வாலில் 'டெப்7யு5' என்று சேர்த்து வெளியிட்டது. முன்பாதியை மட்டும் பார்த்தவருக்கு அது ஓட்டையுள்ள வெர்ஷன், வாலையும் படித்தவருக்கு அடைத்த வெர்ஷன். டெபியனும் உபுண்டுவும் ரெட் ஹாட்டும் இன்றுவரை பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. சார்புகள் கலையாமல் பாதுகாப்பு மட்டும் வர வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. டெபியன் 12 வெளியானபோது அதில் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருந்தன. அவை ஒன்றோடொன்று சேருமா என்று பார்த்து வைத்திருப்பது அந்த ஒரு வெளியீட்டுக்குள்தான். பல வெளியீடுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்ததை டெபியன்காரர்கள் 'ஃபிராங்கன்டெபியன்' என்று அழைக்கிறார்கள். புதிய வெர்ஷன் தேவைப்பட்டே ஆக வேண்டுமென்றால், அந்த வெளியீட்டுக்கென்றே கட்டப்படும் பேக்போர்ட்ஸ் ரெப்போ இருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அதிலிருந்து புதிதாக எதுவும் தானாக ஏறாது.

நம்பிக்கை: கேள்வி வந்தால் 'ஒய்' தட்ட வேண்டியதுதான், ஆப்ட்டுக்குத் தெரியாததா

2021 நவம்பரில் வெளியான ஒரு வீடியோவில், யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போனார். அதற்குத் தேவையான 32-பிட் பேக்கேஜ் ஒன்று ரெப்போவுக்கு வந்து சேராத நேரம் அது. டெஸ்க்டாப்பையே நீக்கினால்தான் ஸ்டீமைப் போட முடியும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டியது, எச்சரித்தது, 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்ற முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போனது. இதையொட்டி ஆப்ட் 2.3.12 வெர்ஷனில் அந்த வழியே அடைக்கப்பட்டது.

ஆனால் அந்தக் காவல் 'அத்தியாவசியம்' என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ்களுக்குத்தான். உங்கள் டேட்டாபேஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மைஎஸ்கியூஎல் ஓடும் சர்வரில் மரியாடிபி சர்வரைப் போடச் சொன்னால், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பதால் ஆப்ட் முதலாவதை நீக்க முன்வரும். ஸ்கிரிப்டில் 'ஒய்' ஆப்ஷனை எழுதிவைத்திருந்தால் கேட்காமலே நீக்கும். 'சிமுலேட்' ஆப்ஷனோடு ஒருமுறை ஓடவிட்டால் எதையும் தொடாமல் முழுத் திட்டத்தையும் காட்டும். நீக்கப்படுபவை என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று படிக்க அரை நிமிடம் போதும்.

நம்பிக்கை: லாக் கோப்பை அழித்தால் ஆப்ட் ஓடும்

ஓடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றோடு சேர்ந்து. பெரும்பாலும் அது பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட். எந்த பிராசஸ் லாக்கைப் பிடித்திருக்கிறது என்பதை இப்போதைய ஆப்ட் எண்ணோடு சொல்கிறது. அது முடியும்வரை காத்திருங்கள்.

நம்பிக்கை: 'கெப்ட் பேக்' என்று வந்தால் ஏதோ கோளாறு

பல நேரம் ஒரு கோளாறும் இல்லை. உபுண்டு தன் அப்டேட்களை எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை, படிப்படியாக விடுகிறது. உங்கள் முறை வரவில்லை என்றால் நிறுத்திவைக்கப்படும். சில நாளில் தானே ஏறும். அதை 'ஃபுல்-அப்கிரேட்' போட்டுத் தள்ளப் பார்ப்பது வேண்டாத வேலை. சாதாரண அப்கிரேட் எந்தப் பேக்கேஜையும் நீக்காது, ஃபுல்-அப்கிரேட் நீக்கும். அந்த வேறுபாடு தெரியாமல் சர்வரில் அதைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: சூடோ பிப் போட்டால் பைதான் சிக்கல் தீரும்

சிஸ்டத்தின் பைதான் உங்களுக்காக மட்டும் அங்கே இல்லை. ரெட் ஹாட் பக்கத்து சென்ட்ஓஎஸ் 7-இல், பேக்கேஜ்களை நிறுவும் யம் கருவியே பைதான் 2-இல் எழுதப்பட்டது. பைதான் என்ற பெயரை 3-க்குத் திருப்பிவிட்டவர்கள், யம் ஓடாமல் தவித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டம் பைதானுக்குள் பிப் எழுத முயன்றால் தடுக்கப்படுகிறது. தடையை மீறும் ஆப்ஷனின் பெயரே 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்ற பொருளில் வைக்கப்பட்டிருக்கிறது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்க ஒரே ஒரு கமாண்ட் போதும்.

நம்பிக்கை: ஆப்ட் முடியாது என்றால் முடியவே முடியாது

இது மறுபக்கத்துத் தவறு. ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா என்று பொதுவாகக் கண்டுபிடிப்பது கணினியியலில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று, ஐரோப்பாவின் ஈடிஓஎஸ் திட்டத்து ஆய்வாளர்கள் 2006-இல் நிறுவினார்கள். வழி இருந்தும் ஆப்ட் கண்டுபிடிக்காமல் போவதுண்டு. அப்போது ஒரு பேக்கேஜை மட்டும் கேட்காமல், முரண்படும் இரண்டையும் வெர்ஷன் எண்ணோடு ஒரே கமாண்டில் கேளுங்கள். மறுத்தாலும், எது எதைத் தடுக்கிறது என்று இந்த முறை துல்லியமாகச் சொல்லும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு மறுபடி 'பாலிசி' பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் மூலகாரணம் பிடிபட்டுவிடும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஒரு ரெப்போ வரிதான்: விட்டுப்போனது, அல்லது வேறு வெளியீட்டின் பெயரில் சேர்க்கப்பட்டது.

இனி யாரிடமாவது உதவி கேட்டால் கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எரரின் முதல் வரியிலிருந்து முழுவதையும், கூடவே 'ஆப்ட்-கேச் பாலிசி' காட்டுவதையும், உங்கள் சோர்சஸ் லிஸ்ட் கோப்பையும் சேர்த்து எழுத்தாக அனுப்புங்கள். பதில் சொல்ல உட்காருபவருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.