சுவடி காக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மறைந்த சித்தாந்த அறிஞர் ஒருவரின் நூல்களையும் ஏடுகளையும் கையெழுத்துத் தாள்களையும் ஒழுங்குபடுத்தக் குமராட்சிப் பக்கம் போவதாகவும், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். முதலில், அந்த மண்ணில் ஏடுகள் எப்படி அழிந்தன, எப்படிப் பிழைத்தன என்று தெரிந்துகொள். உன் வேலைக்கு வேண்டிய பாடம் அதிலேயே இருக்கிறது.

குமராட்சியை அடுத்த திருநாரையூர், நம்பியாண்டார் நம்பியின் ஊர். சிதம்பரம் கோயிலில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளை அவர் துணையோடு சோழ மன்னன் மீட்டதைத் திருமுறை கண்ட புராணம் பாடுகிறது. அந்த ஏடுகளைப் பகைவர் யாரும் அழிக்கவில்லை. பக்தியோடுதான் பூட்டி வைத்தார்கள். பூட்டிய அறைக்குள் புற்று வளர்ந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்தபோது, செல்லரித்தது போக மிஞ்சியவைதான் கைக்கு வந்தன. பூட்டி வைப்பது வேறு, காப்பது வேறு.

அங்கிருந்து இன்னும் சற்றுத் தொலைவு போனால் காட்டுமன்னார்கோயில், பழைய வீரநாராயணபுரம். அங்கே பிறந்த நாதமுனிகள் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தார். மருமக்கள் இருவருக்கு இசையோடு கற்பித்தார். அந்தப் பாசுரங்கள் இன்றும் கோயில்தோறும் ஒலிக்கின்றன. ஆனால் அவரே எழுதிய தத்துவ நூலான நியாயதத்துவம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. வேதாந்த தேசிகர் போன்ற பின்னோர் எடுத்தாண்ட பகுதிகளால்தான் அதைப் பற்றி அறிகிறோம். பிறர் பாடல்களை மீட்டுத் தந்தவரின் சொந்த நூலை மீட்க ஆளில்லாமல் போயிற்று.

பாசுரத்தைப் பாட ஆயிரம் வாய்கள் உண்டு. தருக்க நூலை ஊன்றிப் படிப்பவர் எந்தத் தலைமுறையிலும் சிலரே. அந்தச் சிலரும் படியெடுக்கத் தவறினால் நூல் அத்தோடு முடிந்தது. அதனால்தான் தத்துவ அறிஞரின் தாள்களுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் காவல் வேண்டும் என்கிறேன்.

வீட்டுக்குள் போனதும் எதையும் இடம் மாற்றாதே. அலமாரியை உள்ளபடியே படம் எடு. எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் இருந்தது, எந்தப் பக்கத்தில் துண்டுச்சீட்டு செருகியிருந்தது என்று குறித்துக்கொள். அச்சிட்ட சிவஞானபோத உரை வேறு இடங்களிலும் கிடைக்கும். அதன் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய ஐயம் அந்த ஒரு பிரதியில்தான் இருக்கும். அடித்துத் திருத்திய வரைவு, பாதியில் நின்ற கடிதம், பாடக்குறிப்பு எல்லாமே அவர் சிந்தித்த வழியைக் காட்டும். பழைய பேப்பர் கடைக்கு முதலில் போவதும் இவைதான்.

அவர் கொள்கைக்கு மாறான நூல்களைத் தள்ளிவிடாதே. சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார், மாயாவாதம் முதலிய பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுத்தே சங்கற்ப நிராகரணத்தை இயற்றினார். சகம் 1235, அதாவது கி.பி. 1313 என்ற ஆண்டையும் அதில் பதிந்து வைத்தார். குண்டலகேசி முழுதாகக் கிடைக்காத நமக்கு அதன் வாதங்களை அறிய, அதை எதிர்த்த நீலகேசி பெரிதும் உதவுகிறது. மறுப்பவரின் அலமாரியில் மறுக்கப்பட்டவரும் இருப்பார்.

கைவேலையில் பொறுமை வேண்டும். கிழிந்த தாளில் செலோ டேப் ஒட்டாதே. லேமினேஷன் செய்யவே செய்யாதே. துருப்பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்று. எண்ணிடப் பென்சில் போதும். நனைந்த தாளை வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட வை. ஓலையை மென்மையான தூரிகையால் துடைத்து, தெரிந்தவர் மேற்பார்வையில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவு. கட்டும்போது கயிற்றை இறுக்காதே. வசம்பைத் துணியில் முடிந்து அருகில் வை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நம்பி விடாதே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை திரும்பவே இல்லை. மூலம் ஓரிடத்தில் இருந்தால் மின்படிகள் வேறு இரண்டு இடங்களிலாவது இருக்கட்டும். ஒரு படியை அந்தக் குடும்பத்துக்கே கொடு. அவர்களைக் குற்றம் சொல்லாதே. இத்தனை நாள் இடம் கொடுத்துக் காத்தவர்கள் அவர்கள்தான். எடுத்துப்போகும் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடு.

துணைக்கு ஆளில்லை என்று தயங்காதே. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருவெடுத்தது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு வீட்டுச் சேகரிப்பு நாட்டுக்கே பொதுச்சொத்தாக முடியும் என்பதற்கு முன்னது சான்று. இவ்விரண்டையும் காக்கும் நிறுவனங்களில் கேள், கற்றுக்கொள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. கொள்ளிடத்து வெள்ளமும் வீராணத்துப் பக்கத்து ஈரமும் அந்த ஊர்களுக்குப் புதிதல்ல. ஐப்பசி மழை தொடங்குமுன் போய், முதல் கட்டைப் பிரித்துப் படம் எடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்