வீட்டில் நிற்கும் பழைய கார்: புதுப்பிப்பதா, அப்படியே காப்பதா? 20 குறிப்புகள்

தாத்தா வாங்கிய அம்பாசிடர், அப்பா ஓட்டிய ஃபியட், மாமா வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று நம் ஊர்களில் பல வீட்டுப் போர்டிகோக்களில் இன்னும் பழைய கார்கள் நிற்கின்றன. அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. ஹெரால்ட் 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரானது. இனி இவை புதிதாக வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

"டிங்கர் பார்த்து, பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிவிடலாம்" என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய வேலையைக் குறைவில்லாமல் செய்யுங்கள். அழகுக்கான வேலையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். கீழே உள்ள குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முடிவெடுக்கும் முன்

1. துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். இன்ஜின் அறை, டேஷ்போர்டு, டிக்கி, சீட்டின் அடிப்பக்கம், வண்டியின் கீழ்ப்பகுதி என எதையும் விடாதீர்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்த போல்ட் எங்கே இருந்தது என்பதெல்லாம் பின்னால் கைகொடுக்கும். ஆர்.சி. புத்தகம், பழைய ஒர்க்‌ஷாப் ரசீதுகள், வண்டியோடு வந்த கையேடு, டூல்ஸ் பை ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். வண்டியின் வரலாற்றுக்கு இவைதான் சாட்சி.

2. இப்போதுள்ள பெயிண்ட் கம்பெனியில் அடித்ததுதானா என்று பாருங்கள். டேஷ்போர்டின் அடிப்பக்கம், டிக்கி மூடியின் உட்புறம், கதவுக் கீல் ஓரம் ஆகிய இடங்களில் வேறு நிறம் தெரிந்தால் பின்னால் அடித்த பெயிண்ட் என்று பொருள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். கம்பெனி பெயிண்ட்தான் என்று தெரிந்தால், மங்கிப்போயிருந்தாலும் அதைச் சுரண்டாதீர்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் மட்டும் மென்மையான ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பழைய பெயிண்டில் மங்கல் பெரும்பாலும் மேலடுக்கில்தான் இருக்கும். அடியில் நிறம் உயிரோடு இருக்கும்.

3. துரு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் தனிச் சேஸிஸ் கிடையாது; பாடியே எடையைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டி, தரைத் தகடு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பேட்டரிக்கு அடிப்பகுதி ஆகியவற்றை ஸ்குரு டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ உதிர்ந்தாலோ அங்கே அறுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும். பட்டி பூசி மறைப்பது உயிருக்கு ஆபத்து. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. அதில் பாடியைவிடச் சேஸிஸைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். துரு மேலோட்டமாக இருந்தால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் பூசி நிறுத்தினால் போதும்.

4. எப்போது காக்கலாம், எப்போது புதுப்பிக்கலாம்? பெயிண்ட், சீட் உறை, கண்ணாடி, மீட்டர்கள் என்று பெரும்பகுதி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் காப்பதுதான் சரி. ஏற்கெனவே பலமுறை பெயிண்ட் அடித்து, சீட்டை மாற்றி, தகடும் இற்றுப்போன வண்டியைத் தயங்காமல் புதுப்பிக்கலாம். அங்கே இழப்பதற்கு அதிகம் இல்லை. கம்பெனி பெயிண்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பாது. அமெரிக்காவின் பெபிள் பீச் போன்ற பெரிய கார் கண்காட்சிகளில், புதுப்பிக்காமல் காத்த வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

5. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றும் முன்பும், பாடியை வெட்டி உருமாற்றும் முன்பும் இதை நினைவில் வையுங்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். இந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. தொடர்ந்து ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருவது நல்லது.

6. முழு வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதீர்கள். பிரித்த பாகங்கள் சாக்கில் கிடந்து, பணமும் ஆர்வமும் தீர்ந்து, கடைசியில் காயலான் கடைக்குப் போன வண்டிகள் ஏராளம். முதலில் பிரேக், அடுத்து இன்ஜின், பிறகு ஒயரிங், கடைசியில் பாடி என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி முடிந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

புதுப்பிப்பதானால்

7. கழற்றிய எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். பழைய தகட்டின் கனமும் பொருத்தமும் இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. பழைய பம்பருக்கு மறுபடி குரோமிய முலாம் பூசலாம். நின்றுபோன மீட்டரைப் பழுது பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பாகம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சென்னையில் புதுப்பேட்டையையும் ஜி.பி. ரோட்டையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

8. பெயிண்ட் அடிப்பது உறுதி என்றால் வண்டி பிறந்த நிறத்தையே அடியுங்கள். வெயில் படாத டேஷ்போர்டு அடியிலிருந்து அந்த நிறத்தை எடுத்துக் கலக்கச் சொல்லலாம். கண்ணாடி, ரப்பர், விளக்கு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். காகிதம் ஒட்டிவிட்டு அடித்தால் ஓரங்களில் ஈரம் புகுந்து சில மழைக்காலங்களிலேயே உரியத் தொடங்கும்.

9. சீட் கிழிந்திருந்தால் தையல் பிரிந்த இடத்தை மட்டும் தைத்து, மேலே பருத்தி உறை போடுங்கள். பழைய ரெக்ஸின் அப்படியே நிலைக்கும். ஆனால் கதவு, கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அதன் வழியே இறங்கும் மழைநீர்தான் தரைத் தகட்டைத் தின்கிறது.

10. செய்யும் மாற்றம் எதுவும் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். சீட் பெல்ட், ரிலே வைத்த ஹெட்லைட், பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியும் பிரேக் விளக்கு ஆகியவை உயிர் காக்கும்; தாராளமாகப் போடலாம். டேஷ்போர்டை வெட்டி மியூசிக் சிஸ்டம் வைப்பதைத் தவிருங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியை எழுப்ப

11. பேட்டரி வைத்தவுடன் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது இன்ஜின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கைப்பிடி போட்டோ, டாப் கியரில் வண்டியை மெதுவாகத் தள்ளியோ இன்ஜின் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுதும் இறக்கி, டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவிய பிறகே புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

12. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், பிரேக் ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சூட்டில் ஆவியானால் பெடல் தரையைத் தொட்டுவிடும். ஆகவே வண்டி ஓடினாலும் நின்றாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

13. டயரில் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. 10 ஆண்டு கடந்த டயர் புதிதுபோல் தெரிந்தாலும் நெடுஞ்சாலைக்கு ஏற்றதல்ல.

14. இன்றைய பெட்ரோல் அன்றைய பெட்ரோல் அல்ல. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. இது பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் கரைத்து உப்பச் செய்யும். ஈரத்தை இழுத்து டேங்கில் துருவும் ஏற்றும். பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். இன்னொன்று: 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். அந்த ஈயம் பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுகளைக் காத்துவந்தது. ஹெட் கழற்றும் வேலை வந்தால், லேத் பட்டறையில் சொல்லிக் கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

15. பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். பழைய இங்கிலாந்து வடிவமைப்புக் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். மாற்றி மாட்டினால் டைனமோவும் ரேடியோவும் கெடும். வண்டி பல நாள் நிற்கப்போகிறது என்றால் பாடிக்குப் போகும் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

ஓட்டி மகிழ

16. நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது வண்டிக்குக் கெடுதல். முழுச் சூடு ஏறாத இன்ஜினில் எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். சீல்கள் காயாது, பிரேக் இறுகாது, பேட்டரியும் ஏறும்.

17. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சீரானதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். அப்படியே விட்டால் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை மென்மையாக மிதியுங்கள்.

18. பழைய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் வண்டி ஓடும்போது முதல் கியருக்கு இறக்கினால் கரகரக்கும். டபுள் கிளட்ச் பழகுங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டுங்கள், மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போடுங்கள். சரியான வேகத்தில் ஸ்டியரிங் கியர் வெண்ணெயில் இறங்கும் கத்திபோல் விழும். இந்தக் கார்கள் தருகிற பெரிய சந்தோஷங்களில் அது ஒன்று. இன்றைய கார்களில் கிடைக்காது.

19. டிரம் பிரேக் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே, புதுக் காரில் விடுவதைப்போல் இருமடங்கு இடைவெளி விடுங்கள். ஏற்காடு மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். வெயிலில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி அடைத்து வண்டி நின்றால், பம்ப்பின்மேல் ஈரத் துணியைப் போட்டுச் சற்று ஆற விடுங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள்.

20. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியையும் கழுவுங்கள்; உப்புக் காற்றும் மணலும் தகட்டின் மடிப்புகளில் தங்கும். ஈரம் உலர்ந்த பிறகு பருத்தி உறையால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பல நாள் நிற்கப்போகும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, கிலோமீட்டர், செலவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளைப் பழைய மெக்கானிக்கின் பக்கத்தில் நிற்க வையுங்கள். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். உரிய வயது வந்து லைசென்ஸ் எடுத்ததும் சாவியை அவர்களிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஓட்டத் தெரிந்த அடுத்த தலைமுறை வீட்டில் இருந்தால்தான் அந்த வண்டி விலைக்குப் போகாது.