அட்டையை மாத்துங்க, தறியை இல்ல: செஸ் இன்ஜினுக்கு ஒரு பாடம்

சி பிளஸ் பிளஸ்ல செஸ் இன்ஜின் எழுதும்போது சிப்பாய் 100, குதிரை 320, யானை 500 என்று எண்களை நேரா கோடுக்குள்ளேயே வைப்பதுதான் வழக்கம். அப்புறம் குதிரைக்கு 330 வைத்துப் பார்க்கணும்னா மறுபடியும் கம்பைல். இருபது மதிப்புகளைச் சோதிக்க இருபது பைனரி. எதில் எந்த எண் இருக்கு என்று ஒரு வாரம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மாகறலில் இருந்து காஞ்சிபுரம் போய் ஒரு பட்டுத்தறியைப் பாருங்க. மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லைன்னா தூக்காது. மயிலுக்குப் பதில் அன்னம் வேணுமா? அட்டைகளை மாற்றினால் போதும், தறியைப் பிரிக்க வேண்டாம். நமக்கும் அதேதான் வேணும்.

செய்யும் முறை:

1. எல்லா மதிப்புகளையும் ஒரே ஸ்ட்ரக்டில், டீஃபால்ட் எண்ணோடு வையுங்கள். கான்ஸ்டன்ட் என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள்.

2. புரோகிராம் தொடங்கும்போது 'குதிரை = 330' மாதிரி வரிகள் உள்ள டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கட்டும். தெரியாத பெயர் வந்தால் சும்மா தாண்டாமல் எச்சரிக்கணும். இல்லைன்னா ஒரு எழுத்துப்பிழை சத்தமில்லாமல் பழைய எண்ணையே ஓட்டும்.

3. 2000-இல் வந்த யூசிஐ நெறிமுறையில் 'செட்ஆப்ஷன்' கட்டளை இருக்கு. ஒவ்வொரு மதிப்பையும் குறைந்தபட்சம், அதிகபட்சம் சொல்லி ஆப்ஷனாக அறிவித்தால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ஆனால் தேடல் நடுவில் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். காயின் மதிப்பைக் கட்டத்தின் மதிப்போடு முன்கூட்டியே கூட்டி டேபிளாக வைத்திருந்தால், எண் மாறியதும் அதைத் திரும்பக் கணக்கிடணும். டிரான்ஸ்பொசிஷன் டேபிளில் பழைய ஸ்கோர்கள் இருக்கும். அதையும் காலி பண்ணணும். இல்லைன்னா புது எண்ணைச் சோதிக்கிறோம் என்று நினைத்துப் பாதி பழைய எண்ணைத்தான் சோதிப்போம். ராத்திரி முழுக்க ஓட்டிய ஆட்டங்கள் வீண்.

சரிபார்க்க ஒரு சுலப வழி: வெள்ளைக்கு ஒரு குதிரை மட்டும் கூடுதலாக உள்ள நிலையை எடுங்க. தேடல் இல்லாமல் மதிப்பீட்டை மட்டும் அச்சிடுங்க. 320-ஐ 330 ஆக்கினால் ஸ்கோர் சரியாக 10 கூடணும்.

பிறகு ஒரே பைனரியை இரண்டு அமைப்புகளில் மோதவிடுங்க. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடட்டும். 100 ஆட்டத்தில் 52–48 வந்தால் கொண்டாடாதீங்க, அது தற்செயலாகவும் வரும். ஆயிரக்கணக்கில் ஓட்டணும்.

2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12 நியூரல் நெட்வொர்க்குக்கு மாறியபோதும் இந்த யோசனை போகவில்லை. எந்த நெட்வொர்க் ஃபைலைப் படிக்கணும் என்பதே அங்கே ஒரு யூசிஐ ஆப்ஷன். அட்டை பெரிசாச்சு, அவ்வளவுதான்.