காட்டினுள் ஓர் ஊர்

கொங்கோ சனநாயகக் குடியரசின் வடகிழக்கில் இத்தூரி என்னும் பெருங்காடு பரந்து கிடக்கின்றது. அதன் ஐந்திலொரு பகுதியை, ஏறக்குறைய 13,700 சதுர கிலோமீற்றரை, ஒகாப்பிக் காப்பகம் என அந்நாட்டரசு 1992ஆம் ஆண்டில் ஒதுக்கிற்று. ஒகாப்பி என்பது ஒட்டகச்சிவிங்கியின் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு. ஆயினும் அதன் கால்களில் வரிக்குதிரைக்கு உள்ளவை போன்ற வெண்கோடுகள் உண்டு. இக்காப்பகத்தினுள்ளே, எப்புலு என்னும் ஆற்றங்கரையில், அவ்வாற்றின் பெயரையே கொண்ட சிற்றூர் ஒன்று உளது.

இங்கு வாழ்வோர் இரு திறத்தினர். பயிர்செய்வோர் பெருவழியோரத்தே வீடமைத்து, மரவள்ளி, வாழை முதலியவற்றை விளைவிப்பர். மற்றையோர் காட்டையே மனையாகக் கொண்ட முபுத்தியர். இவர்தம் பெண்டிர் இளங்கொம்புகளை வளைத்து நட்டு, அகன்ற இலைகளால் வேய்ந்து, விரைவிற் குடில் அமைத்துவிடுவர். வேட்டைநாளில் ஆடவர் கொடிநாரினாற் பின்னிய நெடிய வலைகளை அரைவட்டமாகக் கட்டிக் காத்து நிற்பர். பெண்டிரும் சிறுவரும் ஆரவாரஞ் செய்து, சிறு மான்களை அவ்வலைகளை நோக்கித் துரத்துவர். தேன் பருவத்திலோ, ஆடவர் உயர்ந்த மரங்களில் ஏறித் தேனெடுப்பர்.

இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் சார்ந்தவர். காட்டிலிருந்து இறைச்சியும் தேனும் ஊருக்கு வரும். ஊரிலிருந்து கிழங்கும் காயும் இரும்புக் கருவிகளும் காட்டுக்குச் செல்லும். இக்கொடுக்கல் வாங்கலிற் பயிர்செய்வோர் தம்மை மேலோராக எண்ணுவதுண்டு. எனினும், காடு அழியின் இருவர் வாழ்வுங் குலையும்.

ஆதலால், காப்பகம் வகுத்தோர் குடிகளை வெளியேற்றினாரல்லர். குறித்த எல்லையுட் பயிரிடவும் மரபுமுறையில் வேட்டையாடவும் இடமளித்தனர். யானை, ஒகாப்பி முதலியவற்றைக் கொல்லுதலை விலக்கினர். 1996இல் இக்காடு உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. ஆனால், உள்நாட்டுப் போர் மூண்டமையால், 1997இலேயே ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. போரைத் தொடர்ந்து யானைத் தந்தமும் பொன்னும் நாடி ஆயுதந் தாங்கியோர் காட்டினுட் புகுந்தனர். காவலர் இவர்களைத் தடுத்தனர். அதற்குப் பழிவாங்குமாறு, 2012 ஆனி 24ஆம் நாள் அன்னோர் எப்புலுவைத் தாக்கினர். காவலர் உட்பட மனிதர் சிலர் கொல்லப்பட்டனர். அங்குள்ள நிலையத்தில் வளர்க்கப்பட்ட 14 ஒகாப்பிகளும் மாண்டன. ஊரார் வீடுவாசலை விட்டோடினர்.

காட்டைக் காப்பதென்பது விலங்குகளை மட்டுங் காப்பதன்று என்பதை இவ்வூரின் வரலாறு உணர்த்துகின்றது. பொன் தேடி வந்தவன், பொன் தீர்ந்தபின் வேறிடம் நாடிச் செல்வான். காட்டையே மனையாகக் கொண்ட முபுத்தியனுக்கு வேறிடம் ஏது?