பெயர் புதுசு, பள்ளி பழசு

கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குப் பழம்பெருமை உண்டு என்கிறார்களே! ‘இன்டர்நேஷனல்’ என்றாலே நேற்று முளைத்ததுதானே?
– ஒரு வாசகர், பெரியகுளம்

பெயர்தான் புதுசு, பள்ளி 1901-லேயே தொடங்கிவிட்டது. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிகள், பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்ப மனமில்லாமல் ‘ஹைகிளெர்க்’ என்ற பெயரில் ஏரிக்கு அருகே ஆரம்பித்தார்கள். ‘வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளி, அதில் நமக்கென்ன பெருமை?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால், மிஷனரிகள் குறைந்தபோது அது கடையைக் கட்டவில்லை. நம் பிள்ளைகளுக்கும் பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டு, 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. முதுகுப்பையோடு பழனி மலைக்காடுகளில் நடந்து, கூடாரமடித்துத் தங்கும் வழக்கத்தை மட்டும் இன்றுவரை விடவில்லை. (மழைக்கால அட்டைகளுக்கும் அதில் பங்குண்டு!) பிள்ளையைச் சேர்க்கும் எண்ணமிருந்தால் பழம்பெருமையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.